அம்மா அம்மாவுக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டுமாம்

ஜூன் 7, 2004. திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. முதல் நாளே மழை, குடையில் ஓட்டை. சமூக அறிவியல் புத்தகத்தை மட்டும் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றினேன். அதில் உள்ளாட்சி பற்றி ஒரு பாடம் வருகிறது. 'பஞ்சாயத்துத் தலைவர்' என்று வாசித்தபோது சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார், வகுப்பே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். கூவப்பாறை பஞ்சாயத்துத் தலைவர் என் அம்மாதானே.

வீட்டுக்கு வந்தால் பாப்பச்சன் சேட்டன் எங்கள் மதில்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் 'மலையோரக் கட்சி, 2005 வரை' என்று நீலத்தில் எழுதி, பக்கத்தில் மண்வெட்டிச் சின்னம் வரைந்துவிட்டார். இப்படி ஒரு மூலையில் எழுதிவிட்டால் போதும், சுவர் அந்தக் கட்சிக்கு. மற்ற கட்சிக்காரன் விரல்கூட வைக்க மாட்டான். அப்பச்சன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என் சுவர். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றார்.

"அவறாச்சன் சேட்டா, பொண்டாட்டியே கட்சிக்கு. சுவர் என்ன பெரிய சுவர்?"

அப்பச்சனும் சிரித்தார். பாப்பச்சன் சேட்டன் போல எழுத்து எழுத இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. 'க்ளாரம்மா டீச்சர்' என்று அம்மா பெயரை அளவுகோல் வைக்காமலே எழுதுவார், ஒரு எழுத்தும் சாயாது.

ஜூன் 20. ஞாயிறு

கோட்டயம் மாநாடு. அம்மா பதினோரு நிமிடம் பேசினாள் (என் கைக்கடிகாரம்). ரப்பர் விலை, மலைப்பாதை, ஆஸ்பத்திரி. மூன்று இடத்தில் கைதட்டல். அதில் ஒன்று நான் எழுதிக் கொடுத்த வரிக்கு! "எங்கள் பாலைக் கறக்கிறார்கள், மரத்தை விட்டு எங்களையே வெட்டுகிறார்கள்" என்ற வரி.

பிறகு பனச்சிக்கல் சார் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வந்தார். கட்சித் தலைவர்! கப்பைக் கிழங்கும் மீன்கறியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த சட்டசபைக்கு இந்தத் தொகுதியில வேற பேரு யோசிக்க வேண்டாம். க்ளாரம்மா."

அம்மா தட்டுகளை எடுக்கப் போனாள். உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்டு மெம்பர் லில்லிக்குட்டி ஆன்ட்டி பின்னாலேயே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார். "எம்.எல்.ஏ. ஆனதும் எங்களை எல்லாம் ஞாபகம் வச்சிருப்பியாடி?"

அம்மா எம்.எல்.ஏ. ஆனால் நான் திருவனந்தபுரத்தில் பெரிய நூலகத்துக்குப் போகலாம். சுயநலம்தான். எழுதிவைக்கிறேன்.

ஜூலை 9. வெள்ளி

கட்சி உடைந்துவிட்டது.

காலைச் செய்தியில் சொன்னார்கள். நான் புட்டு தின்றுகொண்டிருந்தேன். துணைத் தலைவர் தெக்கேமுறி சார் தனியாகப் போய், எதிர்க்கூட்டணியோடு சேர்ந்துவிட்டாராம். தன்னுடையதுதான் உண்மையான மலையோரக் கட்சி என்கிறாராம். நேற்று வரை இரண்டு பேரும் ஒரே காரில் போனார்கள். புகைப்படம் என்னிடம் இருக்கிறது, வெட்டி ஒட்டியிருக்கிறேன்.

இனி மலையோரக் கட்சி (ப), மலையோரக் கட்சி (தெ). அப்பச்சன் சொன்னார், "நம்ம ஊர்க் கட்சி ரப்பர் மரம் மாதிரி. கீறினாத்தான் பால் வரும்னு நினைக்கிறாங்க." அம்மா சிரிக்கவில்லை.

ஜூலை 11. ஞாயிறு

பூசை முடிந்து லில்லிக்குட்டி ஆன்ட்டி எங்களோடு நடந்து வந்தார். பஞ்சாயத்தில் மொத்தம் பதினைந்து மெம்பர்கள். நம் கட்சிக்கு ஐந்து, தோழமைக் கட்சிக்கு நாலு, எதிர்க்கட்சிக்கு ஆறு. அந்த ஐந்தில் இரண்டு பேர் தெக்கேமுறி பக்கம் போகிறார்களாம். யார் என்று அம்மா கேட்டாள்.

ஆன்ட்டி குடையை மாற்றிப் பிடித்தார். "நான்தான் ஒண்ணு."

அம்மா நடப்பதை நிறுத்தவில்லை. "காரணம்?"

"எனக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா க்ளாரே? உனக்குப் பின்னாடியே கைதட்டிட்டே இருக்கணுமா?"

ஆன்ட்டி எனக்கு ஞானஸ்நானத் தாய். போன கிறிஸ்துமஸுக்கு அகராதி வாங்கிக் கொடுத்தவர். இப்போதும் அது மேசையில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஆகஸ்ட் 2. திங்கள்

அம்மா மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 12-ம் தேதி ஓட்டெடுப்பு. ஆறும் இரண்டும் எட்டு. எட்டு இருந்தால் தீர்மானம் ஜெயிக்கும். கணக்கு அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று இருக்கிறது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தன் மெம்பர்களுக்குக் கொறடா உத்தரவு கொடுக்கும். இங்கே எல்லாரும் விப் என்கிறார்கள். அதை மீறினால் மெம்பர் பதவி போகும், ஆறு வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. சரி. ஆனால் கட்சியே இரண்டாக இருக்கும்போது எது கட்சி? வாசகசாலையில் சட்டப் புத்தகம் எடுத்து வந்து தேடினேன். சின்னம் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட தலைவர் சொல்வதுதான் உத்தரவு என்று எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குச் சின்னம் கொடுத்தது பனச்சிக்கல் சார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"என் வக்கீல்" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஆகஸ்ட் 10. செவ்வாய்

4.10-க்கு வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. 4.25-க்கு நாய் குரைத்தது. பார்த்தால் பாப்பச்சன் சேட்டன், கையில் மைதாப் பசை வாளி. அதே வாளி. அம்மாவின் போஸ்டர் எல்லாம் அந்த வாளியிலிருந்துதான். கூட, கழுத்தில் கேமரா தொங்க ஒருவர்.

"அம்மா இல்லை சேட்டா, ஆபீஸ்ல."

"தெரியும் ஜீனா மோளே. கையில வாங்க மாட்டா. அதான் கதவுல ஒட்டிட்டுப் போகச் சொன்னாங்க. கோவிச்சுக்காதே, ரெண்டு நிமிஷ வேலை."

எங்கள் வாசல் கதவில் பசை தடவினார். ஒரு காகிதத்தை ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் நீவினார். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. வாசிக்கத்தான் தோன்றியது. எழுத்து சிறியது, பக்கத்தில் போனேன். மலையோரக் கட்சி (தெ). 'நீங்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்து வாக்களிக்க இதனால் உத்தரவிடப்படுகிறது.' பெறுநர்: க்ளாரம்மா அவறாச்சன்.

திரும்பவும் வாசித்தேன். ஆமாம். அம்மா அம்மாவுக்கு எதிராக ஓட்டுப் போட வேண்டுமாம்!

பின்னால் பளிச்சென்று வெளிச்சம். படம் எடுத்துவிட்டார்கள்.

"சேட்டா, நீங்க நம்ம ஆளு இல்லையா?"

"நான் பெயிண்டரு மோளே," என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு. "மழை வருது, துணியை எடுத்து உள்ள போடு."

அம்மாவுக்கு உடனே போன் செய்து வாசித்துக் காட்டினேன். முழுதும். தேதி, எண் உட்பட. அம்மாவிடமிருந்து ஒரு சிரிப்பு, எனக்குப் பழக்கமில்லாத சிரிப்பு. "கிழிக்காதே. இருக்கட்டும். சாயா குடிச்சியா?"

ஆகஸ்ட் 12. வியாழன்

எட்டு - ஏழு. போய்விட்டது.

ஓட்டுச்சீட்டின் பின்னால் மெம்பர் கையெழுத்துப் போட வேண்டும், யார் எப்படிப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா எதிர்த்துப் போட்டாள், பனச்சிக்கல் சார் சொன்னபடி. லில்லிக்குட்டி ஆன்ட்டி ஆதரித்துப் போட்டுவிட்டு அழுதாராம். அப்பச்சன் திருத்தினார்: "அழுதுட்டே போட்டா. போட்டுட்டு அழலை, பாரு."

அம்மா மேசை இழுப்பறையைக் காலி செய்து இரண்டு பையில் கொண்டுவந்தாள். பேனா, ஜெபமாலை, என் ஏழாம் வகுப்புப் படம். அறை முழுக்க இருந்த மனுக்களை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். "அது அந்த நாற்காலிக்கு வந்தது, எனக்கு இல்லை" என்றாள்.

செப்டம்பர் 5. ஞாயிறு

மனு வந்துவிட்டது. கொறடா உத்தரவை மீறியதற்காக அம்மாவைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டுமென்று தெக்கேமுறி கட்சி தேர்தல் கமிஷனிடம் கேட்டிருக்கிறது. கையெழுத்து லில்லிக்குட்டி ஆன்ட்டி.

பனச்சிக்கல் சார் தைரியம் சொல்ல வந்தார். இன்றைக்குக் கப்பை கிடையாது, சாயா மட்டும். "நான் உசிரோட இருக்கற வரைக்கும் க்ளாரே, உன் மேல ஒரு தூசி விழாது. சீட்டு உனக்குத்தான்." அம்மா தலையாட்டினாள். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. 11.40.

நவம்பர் 19. வெள்ளி

பெயரும் மண்வெட்டியும் தெக்கேமுறி சாருக்கே என்று தீர்ப்பு. மாநிலக் குழுவில் அவர் பக்கம்தான் தலைகள் அதிகமாம். அப்படியானால் அந்தக் கதவுக் காகிதம்தான் உண்மையான உத்தரவு.

நான் வாசித்துக் காட்டியது தப்பு. தலைவர் யார் என்று பார்த்தேன், தலைகள் எத்தனை என்று பார்க்கவில்லை. என்னால்தானா? அம்மாவிடம் கேட்டேன். "ஒன்பதாம் வகுப்பு வக்கீலை நம்பி யாராவது கேஸ் நடத்துவாங்களா? கோட்டயத்துலயும் ரெண்டு பேரைக் கேட்டேன், அவங்களும் தப்பு" என்றாள். ஆறுதலாக இருந்தது. அரை மணி நேரம்.

ஜனவரி 22, 2005. சனி

அம்மாவின் வக்கீல் ஜோசுகுட்டி சார் கோட்டயத்திலிருந்து வந்தார். அவர் திட்டம் எளிது: உத்தரவு அம்மா கைக்கு வரவே இல்லை. கையெழுத்து வாங்கவில்லை, தபால் வரவில்லை. கதவில் ஒட்டியது? மழையில் போயிருக்கும்.

பிறகு எதிர்த்தரப்பு தாக்கல் செய்ததன் நகலை எடுத்து மேசையில் வைத்தார்.

என் படம்.

பள்ளிச் சீருடையில் நான், இரட்டைச் சடை, முதுகில் பை. கதவுப் பக்கம் மூக்கை நீட்டி, ஒரு விரல் மூன்றாவது வரியின் கீழே. அவ்வளவு ஆர்வமாக! வரி விடாமல் படிக்கிறேன் என்று குருடனுக்கும் தெரியும். ஐயோ. தள்ளி நின்றிருந்தால் ஒரு கதவும் ஒரு காகிதமும்தான். நான் போய் அதற்குச் சாட்சியாக நின்றிருக்கிறேன்.

"பரவாயில்லை," என்றார் வக்கீல். "கொச்சுப் பொண்ணு படிச்சா. ஆனா அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டா. பரீட்சை, படிப்பு... குழந்தைதானே? அவ்வளவு போதும். மோளே, சொல்வியா?"

சொல்வேன் என்றேன். உடனே. யோசிக்கவே இல்லை. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8. செவ்வாய்

நாளை திருவனந்தபுரத்தில் கமிஷன் விசாரணை. சொல்ல வேண்டியதைப் பதினேழு தடவை சொல்லிப் பார்த்தேன். "அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்." தெளிவாக வருகிறது. இந்த நாட்குறிப்பை யாராவது கேட்டால்? கேட்க மாட்டார்கள். எழுதி முடித்ததும் அரிசி டின்னில் ஒளித்துவைத்துவிடுவேன்.

பிப்ரவரி 9. புதன்

பஸ்ஸிலேயே தனித்தாளில் எழுதுகிறேன், நாட்குறிப்பு அரிசி டின்னில். எழுத்து ஆடும்.

சின்ன அறை. நான் நினைத்தது போல நீதிமன்றக் கூண்டு எதுவும் இல்லை. நீளமான மேசை, மின்விசிறி, நீர்க்குடம். அந்தப் பக்கம் லில்லிக்குட்டி ஆன்ட்டி, என்னைப் பார்க்காமல். நான் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வரிகளைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் அம்மா.

எதிர்த்தரப்பு வக்கீல் படத்தைக் காட்டினார். "இது உங்க மகள்தானே?"

"ஆமா."

"இந்த உத்தரவு உங்களுக்குத் தெரிய வந்ததா?"

எங்கள் வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் சொல்கிறேன்: ஒரு நொடிதான்.

"வந்தது. அன்னிக்கு சாயங்காலமே மகள் போன்ல முழுசும் வாசிச்சுக் காட்டினா. நம்பர் உட்பட. எனக்கு எதிரா நானே ஓட்டுப் போடணும்னு இருந்தது. தெரிஞ்சுதான் மாத்திப் போட்டேன்."

ஜோசுகுட்டி சார் பேனாவை மூடிவிட்டார். சத்தம் கேட்டது. என்னை யாரும் கூப்பிடவே இல்லை. வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "நம்பர் உட்பட?" என்று மறுபடி கேட்டார். அம்மா ஆமாம் என்றாள்.

வெளியே வந்து கேட்டேன், கத்தினேன் என்றே சொல்லலாம் - ஏன்மா? நான் சொல்லியிருப்பேன்ல? நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்ல?

"நீ எதையாவது மறக்கற ஆளாடி? யாரு நம்புவா?" என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். நெடுநேரம் சரிசெய்தாள்.

அப்பச்சன் மூன்று நேந்திரம்பழம் வாங்கி வந்தார். ஜோசுகுட்டி சார் வேறு பஸ்ஸில் போனார்.

மார்ச் 13. ஞாயிறு

இதை எப்படி எழுதுவது.

தொலைக்காட்சியில் பனச்சிக்கல் சாரும் தெக்கேமுறி சாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவர் கழுத்திலும் ஒரே மாலை, ஒரே பெரிய மாலை. கட்சி ஒன்றாகிவிட்டது! ஒருவர் தலைவர், ஒருவர் செயல் தலைவர். "குடும்பத்துக்குள்ள ஒரு சின்ன மனத்தாங்கல்தான்" என்றார் பனச்சிக்கல் சார். அதே சிரிப்பு, மீன்கறி கேட்ட அதே சிரிப்பு.

அப்பச்சன் எழுந்து நின்றார். "அப்ப நம்மளது என்ன? மனத்தாங்கலா?"

எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வந்தது, பொய் எழுத மாட்டேன். ஒன்றாகிவிட்டார்கள் என்றால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்தானே? தீர்ப்பு இன்னும் வரவில்லையே?

அம்மா போனை எடுத்தாள்.

மார்ச் 14. திங்கள்

சார் ஜெபத்தில் இருக்கிறார். (காலை 7.15)
சார் ஜெபத்தில் இருக்கிறார். (9.30)
சார் சாப்பிடுகிறார். (1.00)

மாலை 6.50-க்குக் கிடைத்தார். நான் பக்கத்தில் நின்று காதை ஒட்டிக்கொண்டேன். "க்ளாரே, கமிஷன் முன்னாடி இருக்கற விஷயம். நாம கை வைக்கறது மரியாதை இல்லை. சட்டம் அதன் வழியில போகட்டும். மோளோட படிப்பு எப்படி?"

"நல்லா படிக்கிறா சார்," என்றாள் அம்மா. போனை மெதுவாக வைத்தாள். உடைந்துவிடும் என்பது போல.

எப்படி? சொல்லுங்களேன் யாராவது, எப்படி? அவர் சொன்னதைத்தானே கேட்டாள். அவர் பேச்சைக் கேட்டதுதான் குற்றம், அந்தக் குற்றத்துக்கு அவரும் இப்போது வாதித் தரப்பு!

அப்பச்சன் சொல்கிறார், இணைப்புப் பேச்சிலேயே முடிவானதாம். நம் தொகுதி தெக்கேமுறி பக்கத்துக்கு. அம்மா தகுதியோடு இருந்தால் அம்மாவுக்கே சீட்டு கொடு என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் கேட்க ஆளே இல்லை.

ஏப்ரல் 20. புதன்

ஆறு வருடம். அம்மாவின் மெம்பர் பதவியும் போயிற்று.

பத்திரிகையில் ஒன்பதாம் பக்கம், நாலு வரி. அளந்து பார்த்தேன், மூன்று சென்டிமீட்டர். கோட்டயம் மாநாட்டுக்குப் பதினெட்டு.

ஏப்ரல் 21. வியாழன்

வெட்டி ஒட்டவில்லை.

ஜூன் 16. வியாழன்

பத்தாம் வகுப்பு. சாலையில் பார்த்தவர்கள் எல்லாம் முன்பு "பிரசிடெண்டே" என்பார்கள். இப்போது பழையபடி "டீச்சரே". அம்மா இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தலையாட்டுகிறாள். வீட்டில் இரண்டு பேர் கணக்கு படிக்க வருகிறார்கள். ஆன்ட்டி கொடுத்த அகராதியை நான் இன்னும் பயன்படுத்துகிறேன். சொற்கள் மேல் என்ன கோபம்.

செப்டம்பர் 4. ஞாயிறு

பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறது. நம் வார்டில் மண்வெட்டிக்கு லில்லிக்குட்டி ஆன்ட்டி. அவர் வார்டு இந்தத் தடவை பொது வார்டு ஆகி, கட்சி அதை ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டதாம்.

நேற்றே அப்பச்சன் மதில்சுவரைச் சுத்தமாகச் சுரண்டி இரண்டு கோட்டு சுண்ணாம்பு அடித்துவிட்டார், மூலையில் இருந்ததையும் சேர்த்து. இன்று காலை அம்மா நீலப் பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய்த் தானே எழுதினாள்: 'கணக்கு டியூஷன், எட்டு முதல் பத்து வரை, க்ளாரம்மா டீச்சர்.' அம்மாவின் எழுத்து கரும்பலகையில் நன்றாக இருக்கும். சுவரில் மலை ஏறி இறங்கியது.

பத்து மணிக்குப் பாப்பச்சன் சேட்டன் வாளியோடு வந்தார். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். ஓடிப்போய்விட நினைத்தேன், போகவில்லை.

"2005 வரைக்கும்னு அன்னிக்கே எழுதி வச்ச சுவராச்சே டீச்சரே."

"யாரு கட்சிக்கு?" என்றாள் அம்மா.

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் நாக்கைச் சொடுக்கினார். "என்ன டீச்சரே இது எழுத்து? கோழி நடந்த மாதிரி. இதைப் பார்த்து எவன் கணக்கு படிக்க வருவான்?"

"உங்க இளையவளுக்குக் கணக்கு வரலைன்னு ஜீனா சொன்னா."

"எங்க வருது. என்னைக் கொண்டிருக்கா."

"திங்கள், புதன், வெள்ளி. அஞ்சு மணிக்கு அனுப்புங்க."

அவர் தன் சுண்ணாம்பை எடுத்து அம்மா எழுதியதன் மேல் பூசினார். ஒரு கட்டன் சாயா குடிக்கும் நேரம் காய விட்டார், சாயா நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு எழுதினார். அளவுகோல் இல்லாமல். 'கணக்கு டியூஷன்.' 'எட்டு முதல் பத்து வரை.' கீழே பெரிதாக, கை நிற்காமல், ஒரே ஓட்டத்தில், 'க்ளாரம்மா டீச்சர்.' எத்தனை சுவர்களில் எழுதிய பெயர். எழுதி முடித்து, பிரஷைப் பெயிண்டில் தோய்த்து, பெயரின் வலப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, மேலிருந்து கீழாக நேராக ஒரு கோடு இழுத்தார்.

மண்வெட்டியின் காம்பு.

கை அங்கேயே நின்றுவிட்டது. பெயிண்ட் சொட்டியது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தோம்.

"பழக்கம் டீச்சரே," என்றார் பாப்பச்சன் சேட்டன்.

"தெரியும்," என்றாள் அம்மா. "ஜீனா, உள்ள போய் ஈரத்துணி எடுத்துட்டு வா. காயறதுக்குள்ள."

எடுத்துவந்து கொடுத்தேன்.